ஒரே இழுப்பில் வரவேண்டிய நூல்

டயர் கடைக்கு மேலே பதினான்கு படி ஏறினால் வரும் அந்தத் தையல் கடையில் கல்யாண கவுன் தைக்கக் கொடுத்தால், கவுனோடு ஒரு சின்னக் கத்தரிக்கோலும் கிடைக்கும். விரல் நீளம்தான் இருக்கும். இடுப்புப் பக்கம் உள்மடிப்பில் அதற்கென்றே ஒரு பை தைத்து, உள்ளே போட்டுத் தருவாள் தையல்காரி. எதற்கு என்று தெருவில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை சரியில்லை என்றால் மீசையை நறுக்கிவிட்டு ஓடிவர என்கிறார் டயர் கடைக்காரர். மாமியார் நாக்கு நீளமாக இருந்தால் உதவும் என்கிறாள் எதிர்க்கடைக்காரி. இரண்டும் நல்ல கதைகள். உண்மை அவ்வளவு நன்றாக இருக்காது.

அவளுக்குத் தெரு வைத்த பெயர் கெட்டித்தையல். சொந்தப் பெயர் மின்சார ரசீதில் இருக்கிறது. அதைப் படிப்பவர் யாருமில்லை. இந்தக் கடை வைப்பதற்கு முன்னால் பதினோரு வருடம் ஒரு தொழிற்சாலையில் காருக்கு இருக்கை வார் தைத்தவள். விபத்து நடந்தால் ஆளைப் பிடித்து நிறுத்துகிற வார். அங்கே சுவரில் ஒரு பலகை தொங்கும்: 'பிரியும் ஒவ்வொரு தையலும் ஓர் உயிர்.' தைத்த வாரை எல்லாம் மேற்பார்வையாளர் ஓர் இயந்திரத்தில் மாட்டி இழுத்துப் பார்ப்பார். தையல் முடிகிற இடத்தில் மூன்று முறை பின்னால் போய் முன்னால் வந்து பூட்டியிருக்க வேண்டும். பூட்டாமல் விட்டவள் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். பதினோரு வருடத்தில் அவள் ஒரு நாள்கூட வீட்டுக்குப் போனதில்லை. அதாவது, சீக்கிரமாக.

அதனால் அவள் தைத்தால் துணி போகும், தையல் போகாது. அவள் தைத்த பாவாடை பஸ் கதவில் மாட்டிக்கொண்டு, பஸ் மூன்று நிறுத்தம் போய், கடைசியில் கதவு கழன்று கையோடு வந்ததாம். பாவாடைக்காரி கதவைத் திருப்பிக் கொடுக்கப் பணிமனைக்குப் போனாளாம். அவள் தைத்த திரைச்சீலையைப் பிடித்து மாடியிலிருந்து இறங்கிய திருடன் பாதியில் சுற்றிக்கொண்டு தொங்கினானாம். விடிந்து போலீஸ் வந்தபோது, யார் தைத்தது என்றுதான் முதலில் கேட்டானாம். இதையெல்லாம் நான் கண்ணால் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சொன்னவர்கள் நிறையப் பேர்.

கல்யாண கவுனில் அவளுக்குத் தைப்பது கஷ்டமில்லை, கழுத்துதான் கஷ்டம். எவ்வளவு திறக்கலாம், எவ்வளவு மூடவேண்டும் என்பதில் சண்டை வராத வீடே கிடையாது. பெண் ஒன்று சொல்வாள், பெண்ணைப் பெற்றவள் ஒன்று சொல்வாள், மாப்பிள்ளை வீட்டிலிருந்து யாராவது வந்து உட்கார்ந்துகொண்டு சுவரைப் பார்த்து ஒன்று சொல்வார்கள். மேலே மூடச் சொன்னால் முதுகைத் திறக்கிறீர்கள், முதுகை மூடச் சொன்னால் கையை வெட்டுகிறீர்கள், இது கவுனா, ஜன்னலா என்று ஓர் அத்தை கேட்டது இன்னும் அந்தத் தெருவில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதற்குக் கெட்டித்தையல் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். பழைய பருத்தித் துணியில் கழுத்து வரை மூடிய ஒரு மாதிரிச் சட்டை. வந்த பெண்ணுக்கு முதலில் அதைப் போட்டுவிடுவாள். பெண் கையில் நீல சாக்பீஸ், அம்மா கையில் சிவப்பு. அவரவருக்கு எது வரை சம்மதமோ அந்த இடத்தில் கோடு போடவேண்டும். வாய் ஓயாமல் பேசுகிறவர்கள்கூட சாக்பீஸைக் கையில் பிடித்ததும் யோசிக்க ஆரம்பிப்பார்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் எங்காவது அவள் வெட்டிவிடுவாள். இரண்டு பக்கமும் திட்டிக்கொண்டே வாங்கிப் போகும்.

பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால் ஒரு நாள் காலையில் ஒரு பெண் அம்மாவோடு படியேறி வந்தாள். கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை உட்காரவைத்து, சுவரில் உள்ள எழுத்தைப் படிக்கச் சொல்லி, எந்தக் கண்ணாடியில் தெளிவாகத் தெரிகிறது என்று கேட்கிறவள். இருபத்தேழு வயது. படியேறி வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். பதினான்கு படிக்கு இது அதிகம் என்று கெட்டித்தையலுக்குத் தோன்றியது. ஆனால் கல்யாணப் பெண்கள் மூச்சு வாங்குவதற்கு ஆயிரம் காரணம் இருக்கும்.

அம்மா சிவப்பு சாக்பீஸை வாங்கி, யோசிக்கவே இல்லை, தொண்டைக் குழிக்கு மேலே ஒரே கோடாகப் போட்டாள். அதற்கு மேல் போட்டால் முகம்தான். பெண் நீல சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றாள். கோடு போடவில்லை.

"அவளுக்கும் அதேதான்," என்றாள் அம்மா.

அளவெடுக்க அம்மாவை வெளியே உட்காரச் சொன்னாள் கெட்டித்தையல். மாதிரிச் சட்டையைக் கழற்றியபோது பார்த்தாள். கழுத்துக்கு நாலு விரல் கீழே தொடங்கி மார்பெலும்பின் நடுவே நேராக இறங்கும் தழும்பு. இரண்டு பக்கமும் தையல் போட்ட புள்ளிகள். தையல்காரிக்கு அது தெரியாதா? நன்றாகத் தைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாளாம்.

பெண் மெதுவாகச் சொன்னது இது. ஏழு வயதில் இதயத்தில் அறுவை. பிழைத்தாகிவிட்டது, வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம். குழந்தை மட்டும் கூடாது. சுமந்தால் இதயம் தாங்காது என்று மருத்துவர் எழுதியே கொடுத்திருக்கிறார். இதைச் சொல்லிப் பார்த்த மூன்று இடம் குடித்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டது. நாலாவது இந்த மாப்பிள்ளை. லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அம்மா இந்தமுறை யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். பதிவு அலுவலகத்தில் கல்யாணம் முடிந்தபிறகு தழும்பைப் பார்த்துக் கேட்டால், சின்ன வயதில் மதில் சுவரிலிருந்து விழுந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அந்த அம்மாவைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று டம்ளரையும் கழுவி வைத்தவள் அவள்தான்.

"நீயே அவர்கிட்ட சொல்லிடேன்மா," என்றாள் கெட்டித்தையல்.

"நானா ஆரம்பிச்சுப் பேச எனக்கு வராதுக்கா. யாராவது கேட்டா பதில் சொல்லிடுவேன். கடையிலயும் அப்படித்தான்." கொஞ்சம் நிறுத்தி, "அவர் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி பாத்துடணும். பாத்தா கேப்பாரு. கேட்டா எல்லாத்தையும் சொல்லிடுவேன். வேணாம்னு போனாலும் போகட்டும், ஏமாத்தி உள்ள போகக்கூடாதுக்கா," என்றாள்.

பிறகு மாதிரிச் சட்டையை மறுபடி போட்டுக்கொண்டு, நீல சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். கழுத்துக்கு ஆறு விரல் கீழே. தழும்பின் மேல்முனை இரண்டு விரல் அளவு தெரிகிற மாதிரி. அதற்குக் கீழே ஒரு நூல்கூட இறங்கவில்லை. அவ்வளவு அடக்கமான கோட்டை அந்தக் கடையில் யாரும் போட்டதில்லை.

சிவப்புக் கோட்டுக்கும் நீலக் கோட்டுக்கும் நடுவில் வெட்ட இந்தமுறை இடமில்லை. நடுவில் வெட்டினால் தழும்பு தெரியாது. ஆகவே கெட்டித்தையல் இரண்டு கோட்டிலும் தைப்பது என்று முடிவு செய்தாள். கவுனின் கழுத்தை நீலக் கோட்டிலேயே வெட்டி, ஓரத்துக்கு லேஸ் வைத்து முடித்துவிடுவது. அதன் மேல், தொண்டை வரை ஏறும் சாட்டின் துண்டு ஒன்றைத் தனியாகத் தைத்து, கையால் ஓட்டுத் தையல் போட்டு நிறுத்துவது. ஓட்டுத் தையல் என்பது தையல்காரர்கள் தற்காலிகமாகப் போடும் தையல். நூலின் ஒரு முனையைப் பூட்டாமல் விட்டால், மறுமுனையைப் பிடித்து இழுக்க முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிடும். இழுக்கிற முனையை இடது தோளில் லேஸுக்கு அடியில் ஒரு சின்ன வாலாக விட்டுவைப்பது.

"பதிவு ஆபீஸ்ல கூப்பிடறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் உக்கார வைப்பாங்க. முகம் கழுவப் போறேன்னு உள்ள போ. இந்த வாலைப் பிடிச்சு ஒரே இழுப்பு. பழத்தோல் மாதிரி வந்துடும். துண்டைக் கைப்பையில போட்டுக்கிட்டு வெளிய வா."

பெண் அதைக் கேட்டுச் சிரித்தாள். அவள் சிரித்ததைக் கெட்டித்தையல் பார்த்தது அன்றைக்கு ஒருமுறைதான்.

கவுன் நன்றாகவே வந்தது. அம்மா கண்ணாடி முன்னால் மகளைச் சுற்றிச் சுற்றி வந்து, கழுத்தில் விரலை விட்டுப் பார்த்து, இடைவெளி இல்லை என்று திருப்திப்பட்டாள். அப்போது அந்தத் துண்டு குண்டூசியில் நின்றுகொண்டிருந்தது. ஓட்டுத் தையலைக் கடைசி நாள் காலையில் போடலாம், போட்டு ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி போடலாம் என்பது கெட்டித்தையலின் கணக்கு. பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன அம்மா ஒன்பதுக்கே வந்துவிட்டாள். கல்யாண வீட்டில் ஒருத்தி சீக்கிரம் வருவதை யார் தப்பு சொல்ல முடியும்? பாதித் தையலில் இருந்த கெட்டித்தையல் எழுந்திருக்காமல் தைத்துக்கொண்டே பேசினாள். காருக்குச் சொல்லியாகிவிட்டது, மழை வருமா, பெண் இன்னும் சாப்பிடவில்லை என்று அம்மா ஏதேதோ பேசினாள். இவளும் பதில் சொன்னாள். வலது தோளுக்கு வந்ததும் தையல் முடிந்தது. கையில் இருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். மடித்துக் காகிதம் சுற்றிக் கொடுத்தாள். இழுத்துப் பார்க்க நேரமில்லை. இழுக்காவிட்டால் என்ன, ஓட்டுத் தையல்தானே.

அதன்பிறகு மூன்று வாரம் அவளுக்கு வேலையே ஓடவில்லை. படியில் காலடி கேட்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணோ, அவள் அம்மாவோ, சண்டையோ என்று எட்டிப் பார்த்தாள். யாரும் வரவில்லை. பிறகு ஒரு நாள் மாலை பஸ் நிறுத்தத்தில் அவர்களைப் பார்த்தாள். லிஃப்ட்காரர் ஒரு கையில் கருவிப் பெட்டி, இன்னொரு கையில் மனைவியின் கைப்பை வைத்துக்கொண்டு நின்றார். கைப்பையைச் சுமக்கிற ஆணைப் பார்த்ததும் கெட்டித்தையலுக்கு மனசு நிறைந்துவிட்டது. பெண் இவளைப் பார்த்துக் கிட்டே வந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "தையல் ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா. எல்லாரும் சொன்னாங்க," என்றாள். பஸ் வந்துவிட்டது.

கையைப் பிடித்ததுதான் நினைவில் நின்றது. அன்றைக்கு வெயில் கொளுத்தியும் அந்தப் பெண் தொண்டை வரை பொத்தான் போட்டிருந்தது வெகுநாள் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது.

இரண்டு வருடம் கெட்டித்தையல் இந்தக் கதையைச் சொல்லி வந்தாள். பயந்துபோய்க் கழுத்தை மூடச் சொல்லும் பெண் யாராவது வந்தால் போதும். ஒருத்தி பதிவு அலுவலகத்தில் ஒரே இழுப்பு இழுத்தாள், துண்டு வந்துவிட்டது, மாப்பிள்ளை பார்த்தார், என்ன என்றார், எல்லாவற்றையும் கேட்டார், குழந்தை எதற்கு, நீ போதும் என்று சொல்லிவிட்டு முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. ஒரு மழைக்காலத்தில் பதிவாளரே மூக்கைச் சிந்தியதாகக் கேள்வி. தெருவே அதைச் சொன்னது. நானும் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன், பதிவாளருக்கு ஒரு கைக்குட்டையும் சேர்த்து.

இரண்டு வருடம் முடிந்த ஒரு பகலில் அந்த அம்மா படியேறி வந்தாள். கூடச் சின்ன மகள். கையில் அந்தக் கவுன், அதே காகிதத்தில்.

"இவளுக்குக் கல்யாணம் முடிவாகியிருக்குங்க, டெய்லரம்மா. உயரம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். இடுப்புல மட்டும் கொஞ்சம் பிடிச்சு விட்டா போதும்."

பெரியவள் எப்படி இருக்கிறாள் என்று கெட்டித்தையல் கேட்டாள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, மேசையில் கிடந்த அளவு டேப்பை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தாள். சுருட்டிக்கொண்டே சொன்னாள். கல்யாணமான இரண்டாம் நாளே மாப்பிள்ளை தழும்பைப் பார்த்துவிட்டார். மதில் சுவர் கதையைச் சொன்னார்கள். மதில் சுவரிலிருந்து விழுந்தவளுக்கு நேர்கோட்டில் எப்படித் தையல் வரும் என்று மாமியார் மருத்துவரிடம் கூட்டிப்போனாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரே பேச்சுதான். மறைத்துத் தள்ளிவிட்டீர்கள். விருந்துக்கு வந்தவர்கள் முன்னால், கதவுக்குப் பின்னால், சாப்பாட்டுத் தட்டைப் போடும்போது. மாப்பிள்ளை நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை. ஒரு வருடம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பெரியவள் தானாகவே முடிவு செய்தாள்.

"'ஏமாத்திட்டுத்தானேம்மா வந்தேன், அவங்க கேக்கறதுல ஒண்ணையாவது குடுக்கறேன்'னா. நான் கால்ல விழுந்து வேண்டாம்னேன். கேக்கல. எட்டாம் மாசம்." டேப் முழுக்கச் சுருண்டுவிட்டது. அம்மா அதை விரித்து மறுபடி முதலிலிருந்து சுருட்டினாள். "ரெண்டும் போச்சு."

மாப்பிள்ளை போன வாரம் வந்து சின்னவளின் கல்யாணத்துக்கு என்ன ஒத்தாசை வேண்டும் என்று கேட்டாராம். போகும்போது வாசலில் நின்று, முன்னாடியே தெரிந்திருந்தால் குழந்தை இல்லாமலே இருந்திருப்பேன் என்றாராம். அப்படிச் செய்திருப்பாரோ, என்னவோ. பின்னால் சொல்வது எல்லாருக்கும் சுலபம்.

கெட்டித்தையல் கவுனை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்காக ஜன்னல் ஓரம் இருந்த வெட்டும் மேசைக்குப் போனாள். கை வேறெதையும் தேடவில்லை. நேராக இடது தோளுக்குப் போய் லேஸைப் புரட்டியது.

வால் அங்கே இருந்தது. ஆனால் அவள் விட்ட அளவு ஒரு விரற்கடை. இப்போது அது ஒரு சாண் நீளம் இருந்தது. விரலில் சுற்றிச் சுற்றி இழுத்ததில் முறுக்கேறி, நுனி பிசிறாகி, மறுபடி மடித்து லேஸுக்கு அடியில் செருகப்பட்டிருந்தது. அங்கிருந்து வலது தோள் வரை சாட்டின் சுருங்கிச் சுருங்கிப் போயிருந்தது. யாரோ உள்ளங்கையால் நீவிவிட்டும் மறையாத சுருக்கம். வலது தோளில் தையல் முடிகிற இடத்தில், அவள் விரல்கள் பதினோரு வருடம் செய்ததைத் தாமாகவே செய்திருந்தன. மூன்று முறை பின்னால் போய் முன்னால் வந்த பூட்டு. அதைச் சுற்றிச் சாட்டினில் சின்னச் சின்னத் துளைகள். ஒன்பது. கொண்டை ஊசியால் குத்தியவை.

சின்னவள் பக்கத்தில் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும், எதுவும் தெரியாது. துளைகளைப் பார்த்துவிட்டு, அம்மாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"அன்னிக்குப் பாத்ரூம்ல நான்தான் அக்காகூட இருந்தேன். கத்தரிக்கோல் இருக்கா, கத்தரிக்கோல் இருக்கான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. எதுக்குன்னு சொல்லல. நான் ஆபீஸ்ல எல்லா மேசையிலயும் போய்க் கேட்டேன். ஒருத்தர்கிட்டயும் இல்ல. திரும்பி வர்றதுக்குள்ள பேர் கூப்பிட்டுட்டாங்க."

கெட்டித்தையல் கவுனின் தோளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அம்மா டேப்பை இன்னொருமுறை சுருட்டி முடித்தாள். பிறகு அவளும் எழுந்து வந்து, கவுனைத் தொட்டுப் பார்த்து, தோள் மடிப்பை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

"ரெண்டு வருஷமாச்சு. ஒரு இழை பிரியல பாருங்க. உங்க தையல்னா தையல்தான்."

"ஆமாம்மா," என்றாள் கெட்டித்தையல்.

சொல்லியிருக்க வேண்டும் என்கிறீர்களா? யாரிடம் என்ன சொல்வது? மகள் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்ட அம்மாவிடம், மகள் திறக்கப் பார்த்தாள், நான் பூட்டிவிட்டேன் என்றா?

அன்றைக்கு மாதிரிச் சட்டையைச் சின்னவளுக்குப் போட்டபோது அம்மா சிவப்பு சாக்பீஸை வாங்கிக்கொள்ளவில்லை. அவ இஷ்டம் என்று சொல்லிவிட்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தாள். சின்னவள் நீலக் கோடு போட்டாள். அக்கா போட்ட இடத்திலிருந்து ஒரு விரல்கூடத் தள்ளவில்லை, தெரியாமலே. கெட்டித்தையல் பிரிக்கும் கத்தியை எடுத்து வலது தோள் பூட்டைப் பிரிக்க உட்கார்ந்தாள். நல்ல வெளிச்சம், கூர்மையான கத்தி, முப்பது வருடப் பழக்கம். எல்லாம் இருந்தும் கால்மணி நேரம் ஆயிற்று. பூட்டு விட்டதும் இடது பக்க வாலை இழுத்தாள். பழத்தோல் மாதிரி வந்தது. சின்னவள் கவுனை வாங்கிப்போகும்போது, மேசையில் கிடந்த நூல் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

அந்தக் கதையை அவள் அதன்பிறகு சொல்லவில்லை. கேட்டால் மறந்துவிட்டது என்பாள். தெரு மறக்கவில்லை, ஒரே இழுப்பில் துண்டு வந்துவிட்ட பெண்ணைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள், பதிவாளரின் கைக்குட்டை உட்பட.

பூட்டுப் போடும் பழக்கத்தை விட முயன்றாள். பழைய துணியில் ஓட்டுத் தையல் போட்டு, கடைசியில் கையை எடுத்துவிடப் பழகினாள். கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும்வரை விரல் அடங்கியிருக்கும். யாராவது படியேறி வந்து ஒரு வார்த்தை பேசினால் போதும், குனிந்து பார்க்கும்போது மூன்று முறை பின்னால் போய் முன்னால் வந்திருக்கும். விரலோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, அது நடக்காது என்று தெரிந்தபிறகுதான் கவுனுக்குள் பை தைக்க ஆரம்பித்தாள்.

போன மாதம் ஒரு பெண் பைக்குள் கையை விட்டு எடுத்துப் பார்த்து, "இது எதுக்குக்கா?" என்று கேட்டாள்.

"நூல் ஏதாவது நீட்டிக்கிட்டிருந்தா வெட்டிக்க," என்றாள் கெட்டித்தையல். பெண் சிரித்தாள். அந்தக் கடைத் தையலில் நூல் நீட்டிக்கொண்டிருக்காது என்பது ஊருக்கே தெரியும்.